கண் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. குளுக்கோமாவுக்கு (பார்வை நரம்பு மெல்ல அழியும் நோய்) துளி மருந்து விடுகிறார். போன வருட ஸ்கேனில் 82 என்றிருந்த நரம்பு நார்ப் படலம் இம்முறை 79. ஓரிடத்தில் சிவப்பு நிறம் வேறு. எடுத்த இடத்தில் யாரும் விளக்கம் சொல்லவில்லை. அம்மாவோ, "மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கிறேன், எனக்கேன் மருந்து?" என்கிறார். இறக்கும் கலங்களை ஒளிரவைத்துக் காட்டும் பரிசோதனை கொழும்பில் உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மருந்தை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த எண்கள் நரம்பு நார்ப் படலத்தின் தடிப்பு, மைக்ரோன் கணக்கில். ஆயிரம் மைக்ரோன் சேர்ந்தால் ஒரு மில்லிமீற்றர். அம்மாவுக்கு எடுத்த ஓசிடி ஸ்கேன் கண்ணுக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக்கொண்டு விழித்திரையின் படலங்களை அளக்கிறது. ஒரே கண்ணை இரண்டு நாட்களில் அளந்தாலே நாலைந்து மைக்ரோன் ஏறி இறங்கலாம். வறண்ட கண்ணும் கண்புரையும் போதும், எண் குறைந்துவிடும். மூன்று மைக்ரோனுக்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள். தாளில் சிக்னல் அளவு என்று ஒன்று இருக்கும். பத்துக்குப் புள்ளி போடும் இயந்திரமாக இருந்து, அது ஆறுக்குக் கீழே வந்திருந்தால், அந்தத் தாளை நான் வாசிப்பதில்லை. மறுபடி எடுக்கச் சொல்வேன்.

சிவப்பு என்பது காலி வீதிச் சிக்னல் விளக்கு அல்ல. ஆரோக்கியமான சமவயதினர் நூறு பேரில் ஒருவருக்குக்கூட அரிதாகவே அவ்விடம் இவ்வளவு மெலிந்திருக்கும் என்று இயந்திரம் சொல்கிறது, அவ்வளவுதான். கிட்டப்பார்வை கூடியவர்களுக்கு நார்கள் சற்று விலகி ஓடுவதால், நோயில்லாமலே சிவப்பு விழுவதுண்டு. அம்மா இளவயதில் தடித்த கண்ணாடி போட்டவரா? கண்புரைச் சத்திரசிகிச்சை செய்திருந்தால், அந்தப் பழைய கிட்டப்பார்வை நீங்கள் சொல்லாமல் வைத்தியருக்கு எளிதில் தெரியவராது.

என்னைக் கவலைப்பட வைப்பது அம்மாவின் வாதம்தான். மரண அறிவித்தலை வாசிக்க நடுப்பார்வை போதும்; குளுக்கோமா பெரும்பாலும் அதைக் கடைசிக்குத்தான் வைத்திருக்கும். பார்வை நரம்பில் ஏறத்தாழ பத்து லட்சம் நார்கள் உள்ளன. அவற்றை அனுப்பும் கலங்களில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு அழிந்த பிறகே பார்வைப்புலப் பரிசோதனையில் குறை தெளிவாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. போன கலம் திரும்ப முளைக்காது. துளி மருந்து செய்வதெல்லாம் கண்ணழுத்தத்தைக் குறைத்து, மிஞ்சியதைக் காப்பதுதான்.

ஸ்கேனுக்கும் ஓர் எல்லை உண்டு. எண் ஐம்பதை அண்மித்ததும் நின்றுவிடும். நார்கள் போனாலும் குருதிக் குழாய்களும் தாங்கு கலங்களும் அங்கே கிடக்கின்றன அல்லவா? அந்தக் கட்டத்தில், வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்தும் அந்தச் சலிப்பூட்டும் பார்வைப்புலப் பரிசோதனையே வழிகாட்டி. எனவே பழைய தாள்களை எறியாதீர்கள். முடிந்தவரை ஒரே இயந்திரத்திலேயே எடுங்கள்; வேறு வேறு நிறுவனத்து இயந்திரங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

கலங்களை ஒளிரவைக்கும் பரிசோதனை என்று நீங்கள் கேட்பது, இலண்டனில் பிரான்செஸ்கா கோர்டெய்ரோ குழுவினர் செய்த ஆய்வாக இருக்க வேண்டும். இறக்கத் தொடங்கிய கலத்தில் ஒட்டும் அனெக்சின் என்ற புரதத்தில் ஒளிரும் சாயத்தை இணைத்து நாளத்தில் ஏற்றுவார்கள். விழித்திரைப் படத்தில் அக்கலங்கள் வெண்புள்ளிகளாகத் தெரியும். 2017இல் வெளியான முதல் மனிதப் பரிசோதனையில் நோயாளிகள் எட்டுப் பேர், ஆரோக்கியமானவர்கள் எட்டுப் பேர். நல்ல முயற்சி. ஆனால் வழமையான கிளினிக்குக்கு அது இன்னும் வரவில்லை, கொழும்பில் மட்டுமல்ல.

உங்கள் வயதை எழுதவில்லையே, பிள்ளை? நோயாளியின் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் ஆபத்து கூடுதல். நாற்பதைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை அம்மாவோடு நீங்களும் கண்ணைக் காட்டுங்கள்.

கேள்வி: குளுக்கோமாவுக்கு டிமோலோல் துளி விடத் தொடங்கியதிலிருந்து முட்டு வருத்தம் கூடிவிட்டது. சம்பந்தம் உண்டா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு. கண்ணில் விட்ட துளி மூக்குக்குள் வடிந்து இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாத மருந்து. மாதாந்த கிளினிக் வரை காத்திருக்காமல் இன்றே வைத்தியரிடம் போங்கள். வேறு வகைத் துளிகள் இருக்கின்றன.