தோட்டம் வடிவமைத்தவர் கைகழுவுகிறார், கீழ்நிலத்துக்காரர் நோட்டீஸ் விடுகிறார்

கேள்வி: கோத்தகிரி அருகே சரிவான நிலத்தில் வீடு கட்டியிருக்கிறோம். தோட்டம் அமைக்க ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ ஒருவருக்கு 3,20,000 ரூபாயும், அவர் கைகாட்டிய கான்ட்ராக்டருக்கு 11,40,000 ரூபாயும் கொடுத்தோம். சரிவைச் சமப்படுத்தி 12 அடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். முதல் நவம்பர் மழையிலேயே அது சரிந்து, கீழ்நிலத்துக்காரரின் தேயிலைச் செடிகளும் மாட்டுக்கொட்டகையும் மண்ணுக்குள் போய்விட்டன. அவர் 4 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வெட்டிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு வனத்துறையும் விளக்கம் கேட்கிறது. வடிவமைத்தவரோ, “நான் வரைந்தேன், அவ்வளவுதான். கட்டியது கான்ட்ராக்டர், பெய்தது பேய்மழை” என்கிறார். நர்சரியில் அவருக்கு 15 சதவீதம் கமிஷன் போனதும் இப்போதுதான் தெரிந்தது. அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய முடியுமா?
— கோவை வாசகர்

பதில்: லைசென்ஸ் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலிலேயே முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் பணம் அங்கே இல்லை.

1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த 37ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’, ‘நேவல் ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்பவர்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. கப்பல் வரைபவரையும் செடி கொடி வரைபவரையும் ஒரே வரியில் வெளியே விட்டிருக்கிறார்கள்! ஆகவே முதலில் அவருடைய வரைபடத்தின் ஓரத்து முத்திரையைப் பாருங்கள். ‘சிஏ’ என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் அவர் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிமுறைகள் அவரைக் கட்டுப்படுத்தும், கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். விசாரணையில் குற்றம் உறுதியானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் முடியும். எண் இல்லையென்றால் கவுன்சிலுக்குப் போவது வீண் அலைச்சல். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களுக்கென்று ‘ஐசோலா’ என்ற சங்கம் இருக்கிறது, ஆனால் விரும்பிச் சேர்கிற அமைப்பு அது.

பதிவு இல்லை என்பதால் அவருக்குப் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு வேலையை ஒப்புக்கொண்டவர், அந்த வேலை தெரிந்தவர் காட்டும் கவனத்தைக் காட்டியே ஆகவேண்டும். 12 அடித் தடுப்புச்சுவர் என்பது பூச்செடி விஷயமல்ல. அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நின்றுகொண்டிருக்கும் பகுதியில் நீர் வடிய ஒரு துளைகூட இல்லை. சுவருக்குப் பின்னால் ஜல்லி இருக்கவேண்டிய இடத்தில் வெட்டியெடுத்த செம்மண்ணையே திருப்பிக் கொட்டியிருக்கிறார்கள். மழைநீர் போக வழியில்லாமல் மண்ணில் ஊறி, அந்த எடை முழுவதும் சுவர் மேல் சாய்ந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் வடிய பைப் வைக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டாராம், “முகப்பு கெட்டுவிடும், வேண்டாம்” என்று இவர் சொன்னாராம். வழக்கின் உயிரே அதுதான் ஐயா! வரைந்ததோடு சரி என்று சொல்பவர் சைட்டுக்கு வந்து உத்தரவு போட்டிருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒப்பந்தத்தில் ‘கட்டுமானத் தரத்துக்கு நான் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருப்பதாகச் சொல்கிறீர்கள். கான்ட்ராக்டர் சிமென்ட் குறைத்தால் அந்த வரி அவருக்கு உதவலாம். அவரே துளை வேண்டாம் என்று சொன்னதற்கு உதவாது.

அடுத்து அந்தப் பேய்மழை. ‘கடவுளின் செயல்’ என்ற வாதம் பழையது. அதைச் சோதித்த இரண்டு பிரபலமான பிரிட்டன் வழக்குகளும் தோட்ட விஷயம்தான் என்பது வேடிக்கை. 1876இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லாண்ட் வழக்கில், அழகுக்காகக் கட்டிய குளங்கள் பெருமழையில் உடைந்தபோது சொந்தக்காரர் தப்பித்தார். 1917இல் கிரீனாக் நகராட்சி, பூங்காவில் குழந்தைகள் விளையாட ஓடையைத் திருப்பிக் குளம் அமைத்திருந்தது. பெருமழையில் வெள்ளம் திசைமாறி ரயில்வே நிறுவனத்துக்குச் சேதம் செய்தது. அசாதாரண மழைதான், ஆனாலும் நகராட்சியே பொறுப்பு என்றார்கள். நீலகிரியில் இந்த வாதம் இன்னும் பலவீனம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதை மலையில் வேலை செய்கிற யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

கமிஷன் விஷயம்: நர்சரி பில்லைச் சரிபார்த்து உங்கள் சார்பில் ஒப்புதல் தந்தவர் அந்த அளவுக்கு உங்கள் முகவர். முகவர் கணக்கு காட்ட வேண்டும், உங்களுக்குத் தெரியாமல் அடைந்த ஆதாயத்தை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 213 முதல் 218 வரையுள்ள பிரிவுகளைக் காட்டி அந்த 15 சதவீதத்தைத் தனியாகவே கேளுங்கள். சுவர் வழக்கு எப்படிப் போனாலும் இதற்கு அவரிடம் நல்ல பதில் இருக்காது.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. கீழ்நிலத்துக்காரருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘வடிவமைத்தவரைக் கேளுங்கள்’ என்று நோட்டீஸுக்குப் பதில் எழுதாதீர்கள். அவருக்கும் வடிவமைத்தவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. சரிந்தது உங்கள் நிலத்து மண். தொகையைப் பேசிக் குறைத்துச் சமரசம் செய்துகொண்டு, அதை வடிவமைப்பாளரிடமும் கான்ட்ராக்டரிடமும் வசூலிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆண்டு முழுக்க முகம் பார்க்க வேண்டிய அக்கம்பக்கத்துக்காரர் வேறு.

வனத்துறை நோட்டீஸையும் தள்ளிப்போடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்குப் பொருந்தும். பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கியாயிற்று என்று வடிவமைத்தவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பினேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அது உங்களை முழுதாகக் காப்பாற்றாது, ஆனால் பின்னால் அபராதத்தை அவரிடம் கேட்க உதவும்.

வழக்கைக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரில் தொடர 2019ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. இருவருக்கும் கொடுத்தது 14,60,000 ரூபாய், அதாவது 50 லட்சத்துக்குள். மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். கெடு இரண்டு ஆண்டு. (வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்களான எங்களுக்குக் கிடைத்த அந்தச் சலுகை உங்கள் வடிவமைப்பாளருக்குக் கிடையாது.)

இடிந்த சுவரை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துப்போய் அளவெடுத்து, படமெடுத்து, அறிக்கை வாங்கிய பிறகு மண் மேலும் சரியாமல் மணல் மூட்டை அடுக்குங்கள். அதற்கும் முன்னால், இன்றைக்கே அந்த மேஸ்திரிக்குப் போன் போடுங்கள். அடுத்த சைட் கிடைத்தால் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.