கைக்குழந்தையும் அக்டோபர் டிக்கெட்டும்

கேள்வி: சியாட்டில் பக்கம் போத்தெலில் இருக்கிறோம். செப்டம்பர் 20 அன்று எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். என் கணவர் மூன்று நண்பர்களோடு சேர்ந்து மரினர்ஸ் பேஸ்பால் அணியின் சீசன் டிக்கெட்டில் பங்கு வைத்திருக்கிறார். இப்போது அணி, சீசனுக்குப் பின் நடக்கும் பிளேஆஃபில் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. மீதி ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் பங்கு 1,800 டாலர். கிரெடிட் கார்டில் போட்டுவிடலாம் என்கிறார். மருத்துவமனை பில் இன்னும் முழுதாக வரவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து விடுப்பில் இருப்பவர், உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டி முடியும்வரை அதை நீட்டிக்கப் போகிறாராம். என் அம்மா டிசம்பர் கடைசிவரை இங்கேதான் இருப்பார். ஜனவரியில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையை டேகேரில் விட வேண்டும். “இப்படி ஒரு வருஷம் இனி எப்போ வரும்?” என்கிறார். நான்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறேனா?
– வாசகி, அக்டோபர் 11, 2025

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பொய் இல்லை. 1977 முதல் ஆடிவரும் மரினர்ஸ் ஒரு முறைகூட உலகத் தொடரை எட்டியதில்லை. அதற்கு முந்தைய படியான அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றுக்கு வருவதே 2001-க்குப் பிறகு இதுதான் முதல் முறை. நீங்கள் எழுதியதற்கு முந்தைய இரவு டெட்ராய்ட் அணியை, வழக்கமான ஒன்பதைத் தாண்டி 15 இன்னிங்ஸ் ஆடி வென்றிருக்கிறார்கள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதைப் பார்த்த ஒரு ரசிகரிடம் மறுநாள் காலையில் பட்ஜெட் பேசுவது வீண் வேலை. நீங்கள் கஞ்சமும் இல்லை, அவர் ஊதாரியும் இல்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். உங்கள் கடிதம் முழுக்க டிக்கெட் இருக்கிறது. குழந்தையைக் காப்பீட்டில் சேர்த்தாயிற்றா என்று ஒரு வரிகூட இல்லை. அலுவலகம் வழியாக வரும் மருத்துவக் காப்பீட்டில் புதுக் குழந்தையைச் சேர்க்கச் சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச அவகாசம் 30 நாள். சில நிறுவனங்கள் கூடுதலாகத் தரும், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். செப்டம்பர் 20-லிருந்து எண்ணினால் அக்டோபர் 20. அன்றைக்குத் தீபாவளி. அடுத்து டொராண்டோ அணியுடன் ஆடும் ஏழு ஆட்டத் தொடர் இழுபறியானால் ஏழாவது ஆட்டமும் அன்றைக்குத்தான். மறந்துபோக இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

நாள் தவறினால் என்ன ஆகும்? உரிய காலத்தில் சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே காப்பீடு உண்டு. தவறினால் பெரும்பாலும் ஜனவரி 1 வரை பிள்ளைக்குக் காப்பீடே இல்லை என்று ஆகிவிடும். மருத்துவமனை பில் தாய்க்குத் தனி, சேய்க்குத் தனி. நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த ‘மீதி பில்’ உங்கள் மகள் பெயரில் வரப்போவது. குழந்தையை மருத்துவரிடம் காட்டும் ஒவ்வொரு முறையும் கைக்காசு போகும். குழந்தைக்கு அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா? வேண்டாம். எண் இல்லாமலே விண்ணப்பிக்க முடியுமா என்று இன்றைக்கே மனிதவளத் துறையைக் கேளுங்கள். பொதுவாக எண்ணைப் பின்னால் கொடுத்தால் போதும்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். 1,800 டாலர் என்பது மொத்தமாகச் சொல்லும்போதுதான் பயமுறுத்துகிறது. சீசனில் டொராண்டோவுக்கு வெற்றிக் கணக்கு கூடுதல் என்பதால் அவர்கள் ஊரில்தான் ஆட்டம் அதிகம். ஏழு ஆட்டத் தொடரில் 3, 4, 5 மட்டும்தான் சியாட்டிலில்: அக்டோபர் 15, 16, 17. ஐந்தாவது தேவைப்பட்டால்தான் நடக்கும். அதில் ஜெயித்து உலகத் தொடருக்குப் போனாலும், எதிரே யார் வந்தாலும் அவர்கள் மரினர்ஸைவிட அதிக ஆட்டம் வென்றவர்கள். அங்கேயும் உள்ளூரில் 3, 4, 5-தான். ஆக, குறைந்தது இரண்டு, மிஞ்சிப்போனால் ஆறு. நடக்காத ஆட்டத்தின் பணம் வழக்கமாகத் திரும்பி வரும், இல்லையேல் அடுத்த ஆண்டு சீசன் கணக்கில் வரவாகும். இரண்டும் ஒன்றல்ல. திரும்பி வந்தால் கார்டுக்குக் கட்டலாம். கணக்கில் வரவானால் அடுத்த வருடமும் டிக்கெட்தான் வாங்க முடியும். எது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

என் யோசனை: லீக் இறுதிச் சுற்றில் ஒரு ஆட்டம், உலகத் தொடர் வந்தால் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். இரண்டையும் ரொக்கத்தில், கார்டில் அல்ல. மீதி ஆட்டங்களில் கணவர் தன் பங்கை நண்பர்களுக்கே கொடுத்துவிடலாம். இணையத்தில் விற்றால் லாபம் வரலாம், ஆனால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டாததால் விற்பனைத் தளம் வரித்துறைக்கு அனுப்பும் 1099-கே படிவம் வராமல் இருக்கலாம். படிவம் வராவிட்டாலும் லாபத்தைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். மற்ற இரவுகளுக்கு டிவி இருக்கிறது. உலகத் தொடர் முழுக்க ஃபாக்ஸ் சேனலில் வருகிறது. ஒரு சாதாரண ஆன்டெனா போதும், மாதச் சந்தா எதுவும் தேவையில்லை. இரவுப் பால் கொடுக்கிற நேரத்துக்குக் கூடுதல் இன்னிங்ஸ் துணையாக இருக்கட்டுமே.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். நண்பர்கள் குழுவில் பந்தயம் கட்டுகிறார்களா? உங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் பழங்குடியினர் காசினோ வளாகத்துக்குள் மட்டும்தான் சட்டபூர்வம். வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஏதோ வெளிநாட்டு ஆப்பில் கட்டுவது குற்றம். விசாவில் இருப்பவர்கள் விளையாட்டுக்குக்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது பெரிய தொகை. அது உங்கள் கணவரின் விடுப்பில் இருக்கிறது. மாநிலத்தின் ஊதியத்துடன் கூடிய குடும்ப விடுப்பில் அவருக்கு 12 வாரம் உண்டு. குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும், பிரித்தும் எடுக்கலாம். 2025-ல் வாரத்துக்கு அதிகபட்சம் 1,542 டாலர். உங்களுக்குப் பிரசவ ஓய்வும் குடும்ப விடுப்பும் சேர்த்து 16 வாரம். பிரசவத்தில் சிக்கல் இருந்திருந்தால் 18. பதினாறு என்றே வைத்தால் ஜனவரி 10 வாக்கில் முடிகிறது. உலகத் தொடர் ஏழு ஆட்டமும் போனால் முடியும் நவம்பர் 1 வரை அவர் நீட்டித்தால் ஆறு வாரம் தீர்ந்து ஆறுதான் மிஞ்சும். அக்டோபர் 20-ல் வேலைக்குத் திரும்பினால் எட்டு மிஞ்சும். அந்த எட்டையும் நீங்கள் திரும்பும் நாளிலிருந்து அவர் எடுத்தால், மார்ச் தொடக்கம்வரை டேகேர் தேவையில்லை. உங்கள் பக்கம் கைக்குழந்தைக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும். கிட்டத்தட்ட இரண்டு மாதக் கட்டணம் மிச்சம். உங்கள் அம்மா வீட்டில் இருக்கும்போது கணவரும் விடுப்பில் இருந்துவிட்டு, அம்மா ஊருக்குப் போன பிறகு இருவரும் அலுவலகம் ஓடுவது என்ன கணக்கு? ஒன்று மட்டும்: உடம்பு இன்னும் தேறவில்லை, அவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும் என்றால், இந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அது உங்களுக்காக எடுக்கும் விடுப்பாக இருக்க வேண்டும், தொடருக்காக அல்ல.

டேகேர் என்றதும் இன்னொன்று. பல அலுவலகங்களில் அடுத்த ஆண்டுக்கான சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம் இதுதான். குழந்தைப் பராமரிப்புக்கு வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கின் வரம்பு, 2026-ல் ஒரு குடும்பத்துக்கு 5,000-லிருந்து 7,500 டாலராக உயர்கிறது. உங்கள் நிறுவனம் புதிய வரம்பை ஏற்றிருந்தால் முழுதாக ஒதுக்குங்கள். 24 சதவீத வரி அடுக்கில் இருந்தால் வருமான வரியில் மட்டும் 1,800 டாலர் மிச்சம். ஆமாம், நீங்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற அதே தொகை.

மற்றவை அவசரமில்லை. செப்டம்பரில் பிறந்தாலும் 2025 முழு ஆண்டுக்கான குழந்தை வரிச் சலுகை 2,200 டாலர் வரை உண்டு. 2025 முதல் 2028 வரை பிறக்கும் அமெரிக்கக் குடிமக்களான குழந்தைகளுக்கு அரசு போடும் 1,000 டாலர் கணக்கு அடுத்த ஆண்டு விஷயம். படிப்புக்கான 529 கணக்கை மருத்துவமனை பில் தீர்ந்த பிறகு திறந்தால் போதும். வளையல், அரைஞாண் என்று பாட்டி ஆரம்பித்திருந்தால், அதை அவர் செலவிலேயே செய்யட்டும், சந்தோஷமாக.

டேகேர் காத்திருப்போர் பட்டியலில் ஜனவரி என்று பெயர் கொடுத்திருப்பீர்கள். கணவரோடு விடுப்புத் தேதியைப் பேசி முடித்த கையோடு அதை மார்ச் என்று மாற்றிக் கேளுங்கள். சில இடங்களில் இடத்தைப் பிடித்து வைக்க முன்பணம் கேட்பார்கள். அது திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.