ஆரஞ்சு ஒயினில் ஆரஞ்சுப் பழம் சேர்ப்பார்களா? குடிக்க எப்படி இருக்கும்?

ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. பெயர் நிறத்தால் வந்தது. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, தோலையும் கொட்டையையும் தள்ளிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் வழக்கமான வெள்ளை ஒயின். தோலைத் தள்ளாமல், சிவப்பு ஒயினுக்குச் செய்வதுபோல, சில நாளோ சில மாதமோ சாற்றோடு ஊறப்போட்டால் இது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன, அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் குடித்தது ரிபோல்லா ஜல்லா என்ற திராட்சையில் செய்தது. இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ஓஸ்லாவியாதான் இதற்குப் பேர்போன ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே பழம் ரெபுலா. சாதாரண வெள்ளை ஒயினாகச் செய்தால் புளிப்பு தூக்கலாக, சொல்லிக்கொள்கிற மாதிரி மணம் இல்லாமல், குடித்த மறுநிமிடம் மறந்துபோகிற சரக்கு என்பது என் கருத்து. ஆனால் தோல் தடிமன். சரக்கே அந்தத் தோலில்தான் என்று, தாத்தா காலத்துப் பழக்கத்தைத் திரும்பப் பிடித்து, 1995-இல் அந்த ஊர் ஒயின் தயாரிப்பாளர் ஸ்டாங்கோ ரடிகோன் தோலோடு ஊறவைக்க ஆரம்பித்தார். அதே ஊர்க்காரரான யோஷ்கோ கிராவ்னர் 2000-இல் இந்த முறை பழங்காலத்திலிருந்தே புழங்கும் ஜார்ஜியா நாட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2001 அறுவடையிலிருந்து மண்ணில் புதைத்த க்வெவ்ரி தாழிகளுக்கு மாறிவிட்டார். (அந்தத் தாழி முறை 2013-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலேயே ஏறியது. புது ஃபேஷன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.)

முதல் முறை நான் சொதப்பினேன். வெள்ளை ஒயின்தானே என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றிக் குடித்தால், இலையை மறந்து கொதிக்கவிட்டு ஆறிப்போன தேநீர் மாதிரி, ஈறையே இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. கலங்கலாக வேறு இருந்தது. கெட்டுப்போச்சு என்று ஓரங்கட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து, கொட்டுவதற்கு முன் ஒரு வாய் பார்ப்போமே என்று எடுத்தேன். ஆளே மாறியிருந்தது: உலர்ந்த ஆப்ரிகாட், தேன்மெழுகு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் (ஆமாம், கடைசியில் வந்தே விட்டது). குளிரில் துவர்ப்பு முரடாகத் தெரியும், மணம் அமுங்கிவிடும். 14 டிகிரி வாக்கில் குடியுங்கள்.

அப்புறம் இந்த 'நேச்சுரல்' ஒயின் சமாச்சாரம். பழத்தோடு தானாக வரும் ஈஸ்ட், வடிகட்டுவதில்லை, கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் துளியூண்டு அல்லது அதுவும் இல்லை. அதனால் கலங்கல் குற்றமில்லை. அதற்காக எல்லா நாற்றத்தையும் இயற்கை என்று மன்னிக்க வேண்டியதில்லை. விழுங்கிச் சில நொடி கழித்து எலிக்கூண்டு வாடை தொண்டையில் ஏறினால் அது குறைதான். முகர்ந்தால் பிடிபடாது; ஒயினின் புளிப்பில் அடங்கிக் கிடந்து, எச்சில் பட்டுப் புளிப்பு தணிந்த பிறகே கிளம்பும். சிலருக்கு அது உறைக்கவே உறைக்காது, கொடுத்து வைத்தவர்கள்.

வாங்கும்போது எத்தனை நாள் தோலோடு ஊறியது என்று கேளுங்கள். ஒரு வாரம் ஊறியதில் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் ஆறு மாதம் ஊறியதைத் திறந்தால் நான் பட்ட பாடுதான்.