எழுத்தெல்லாம் தெரிந்த குழந்தை ஏன் வாசிக்கத் திணறுகிறது?

மகள் ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள், க, கா, கி, கீ எல்லாம் கடகடவென்று சொல்கிறாள், ஆனால் ஒரு வரி வாசிக்க வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், சொல்லிக்கொடுத்த முறையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்தபோது இதே நிலையில் நிறையப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

'கூ' என்று மட்டும் தனியாக எழுதிக் காட்டுங்கள். "க, கா, கி, கீ, கு" என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அங்கே நின்றால், அவளுக்கு மனப்பாடமாகியிருப்பது வரிசைதான்.

247 எழுத்தையும் முடித்துவிட்டு அப்புறம் சொல்லுக்குப் போகலாம் என்று காத்திருக்கவே வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றைக்கே வாசிக்கலாம். எழுத்தைக் கூட்டினால் தனக்குத் தெரிந்த ஒரு பொருள் வருகிறது என்று கண்டுகொண்ட பிள்ளை அடுத்த சொல்லைத் தானே கேட்கும். பிறகு துணைக்கால். அது எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வருவதால் சீக்கிரம் பிடிபடும். கு, சு, து, மு அப்படியில்லை, ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றைச் சொற்களோடு ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும்.

கொம்பு வரும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது மெய். 'தொட்டி'யை "தெரட்டி" என்று வாசிப்பார்கள், துணைக்கால் 'ர' போலவே இருக்கிறதே! தொ, கொ, மொ என்று முழு வடிவமாகச் சேர்த்துக் காட்டிப் பழக்கினால் இது சரியாகிவிடும்.

இன்னொன்று, படத்தைப் பார்த்து ஊகிப்பது. பேருந்துப் படத்தின் கீழே 'வண்டி' என்று இருக்கும், பிள்ளை "பஸ்" என்று வாசிக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இப்படி ஊகிப்பதையே ஒரு வழியாகப் பள்ளிகளில் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பிப்பது பிள்ளைகளுக்கு உதவுகிறது என்று அங்கே தேசிய வாசிப்புக் குழு 2000-லேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. எழுத்துக்கூட்டி வாசிக்க ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு ஒழுங்கான தமிழில் ஊகத்துக்குத் தேவையே இல்லை.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துக் கற்பிப்பது. உங்கள் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாலும் அரும்பிலிருந்து தொடங்கலாம், அதில் எந்த அவமானமும் இல்லை.

கூடவே தினமும் இரவில் ஒரு கதையை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் "உக்காந்தான்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'அமர்ந்தான்' அந்நியமாக இருக்கும், காதில் விழுந்து பழகினால்தான் புத்தகத்தில் பார்க்கும்போது பொருள் விளங்கும். அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்தவை. 'நுழை'யிலிருந்து தொடங்குங்கள்.