சாணியில் முளைக்கும் கண்ணாடிப் பூசணம்: வளர்க்க முடியுமா?

கேள்வி: மழை விட்ட மறுநாள் காலையில், மேய்ச்சல் நிலத்துச் சாணியில் கண்ணாடி ஊசி மாதிரி பூசணம் நிற்கிறது. நுனியில் கறுப்புப் பொட்டு. மதியத்துக்குள் காணோம். இது அரிய வகையா? மாட்டுக்குக் கெடுதலா? சிப்பிக் காளான் போடுகிறேன், இதையும் பையில் வளர்க்கலாமா?
– பென்னாகரம் பகுதி விவசாயி

பதில்: நீங்கள் பார்த்தது பைலோபோலஸ். கறுப்புப் பொட்டுதான் அதன் வித்துப்பை. அதற்குக் கீழே உப்பியிருக்கும் நீர்க்குமிழி வெளிச்சத்தைக் குவித்துத் தண்டை வெளிச்சப் பக்கம் திருப்பும். உள்ளே அழுத்தம் ஏறிக் குமிழி வெடித்ததும் வித்துப்பை 2 மீட்டர் வரை பாய்ந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும், தண்டு சரிந்துவிடும். அந்தப் புல்லை மாடு மேய, குடல் வழியாக வெளியே வரும் வித்து அடுத்த சாணியில் முளைக்கும்.

பூசணத்தால் மாட்டுக்கு நோய் வராது. ஆனால் நுரையீரல் புழுவின் இளம்புழுக்கள் இந்தத் தண்டில் ஏறி, வித்துப்பையோடு சேர்ந்து பறந்து புல்லுக்குப் போய்விடும். கன்று விடாமல் இருமினால், மூச்சு வாங்கினால், புதுச் சாணியோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

அரியதா என்றால், இல்லை. சாணிப் பூசணங்களில் பலவற்றை அரியவை என்று சொல்வதே, யாரும் குனிந்து பார்க்காததால்தான் என்பது என் எண்ணம். நிஜமாகவே அருகியவையும் உண்டு. வெள்ளை வட்டில் கரும்புள்ளி வைத்தது போன்ற பொரோனியா பங்க்டேட்டா, பிரிட்டனில் நியூ ஃபாரஸ்ட் போல மட்டக்குதிரைகள் திறந்தவெளியில் மேயும் சில இடங்களில்தான் இன்று தென்படுகிறது.

இனம் பிரிப்பது பெரிய தலைவலி. பைலோபோலஸ் கிறிஸ்டலினஸ் என்ற இனத்துக்கு வித்து சிறியது, பைலோபோலஸ் கிளைனியை என்ற இனத்துக்குப் பெரியது என்பார்கள். ஆனால் வளரும் நிலைமையைப் பொறுத்து அளவு மாறும். மரபணுவை ஒப்பிட்டால் உருவத்தை வைத்துப் பிரித்த வரிசை அப்படியே பொருந்துவதும் இல்லை. படத்தைப் பார்த்து இனப்பெயர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பையில் இது வராது. உண்ணும் காளானும் அல்ல, சந்தையும் இல்லை. ஆய்வகத்தில் பூசணம் வளர்க்கும் வழக்கமான ஊடகமான உருளைக்கிழங்கு அகரில் சரியாக வளராது. சாணச் சாறோ, ஹீமின் என்ற இரும்புள்ள பொருளோ சேர்க்க வேண்டும். இரும்பைப் பிடித்துத் தரும் கோப்ரோஜன் என்ற பொருள் சாணத்தில் இருப்பதுதான் காரணம். அஸ்கோபோலஸ் போன்ற வேறு சாணிப் பூசணங்களின் வித்தைச் சூடுபடுத்தியோ கார நீரில் ஊறவைத்தோதான் எழுப்ப முடியும், அதாவது மாட்டுக் குடலின் வேலையை நாம் செய்ய வேண்டும். நடுவில் பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியும் புகுந்து வளர்ப்பைக் கெடுக்கும்.

ஆசைக்குச் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் ஈரக் காகிதம் விரித்துப் புதுச் சாணியை வையுங்கள். வெயில் படக்கூடாது, வெளிச்சம் வேண்டும். ஒரு வாரத்துக்குள் பைலோபோலஸ் எழும்பி, மூடியில் கரும்புள்ளிகளாகச் சுட்டு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை ஊசியால் எடுத்தால், சாணியிலிருந்து நேரே எடுப்பதைவிடச் சுத்தமான வித்து கிடைக்கும். டப்பாவைக் கொட்டிவிடாதீர்கள். அப்புறம் அஸ்கோபோலஸ் வகைக் குட்டிக் கிண்ணங்கள் வரும், கடைசியாக மை போல உருகும் குடைக் காளான்கள்.

ஆய்வுக்கு அனுப்புவதானால் சாணியை நிழலில் காயவைத்துக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். எந்த மாடு, என்ன மேய்ந்தது, எந்தத் தேதி, குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று உறைமேல் எழுதிவிடுங்கள்.