உப்பு நீரில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாகங்கள்: கடலூர், புதுச்சேரி அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கடலூர் முதுநகர், விசைப்படகு உரிமையாளர்): ஐயா, படகின் புரொப்பல்லரைச் சுழற்றும் எஸ்.எஸ். ஷாஃப்டைக் கழற்றியபோது, தண்ணீரில் நேரடியாக இருக்கும் பகுதி பளபளப்பாக இருந்தது. ஷாஃப்ட் படகுக்கு வெளியே வரும் பின்பக்கக் குழாயான ஸ்டெர்ன் டியூபுக்குள் இருந்த பகுதியில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் பள்ளங்கள் இருக்கின்றன. 304 ரக எஸ்.எஸ். என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்க இது ஒன்றே போதாது, ஏனெனில் உண்மையான 304-ம் அந்த இடத்தில் இப்படித்தான் அரிக்கும். அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைத்தால் அப்படலம் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அது படலத்தை ஓயாமல் உடைக்கப் பார்க்கிறது. வெளியே ஓடும் நீர் ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் உடைந்த இடம் சரியாகிவிடுகிறது. டியூபிலுள்ள பேரிங்குக்குள்ளும், நீர் கசியாமல் அடைக்கும் பேக்கிங்குக்கு அடியிலும் நீர் தேங்கி, அதிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால், கரையும் உலோகம் அங்குள்ள நீரை அமிலமாக மாற்றுகிறது. அது மேலும் குளோரைடை உள்ளே இழுக்க, அரிப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) ஒட்டிய இடத்திற்கு அடியிலும் இதே இடுக்கு அரிப்புதான் நடக்கிறது.

ஆகவே, படகு ஓடும் நாட்களைவிடக் கட்டிக்கிடக்கும் நாட்களே ஷாஃப்டுக்கு ஆபத்தானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உப்பனாற்றிலேயே படகை விட்டுவைப்பவர்கள், இயன்றால் கரையேற்றி, ஷாஃப்டை உருவி, நல்ல தண்ணீரில் கழுவி வைக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். கரையேற்ற வழியில்லையென்றால், அவ்வப்போது ஷாஃப்டைச் சுழற்றி உள்ளே தேங்கிய நீரையாவது மாற்றுங்கள். ஷாஃப்டுக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் நல்லது. ஆனால் அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது, டியூபுக்குள் ஆழத்தில் இருக்கும் பகுதிக்கும் அதன் பாதுகாப்பு முழுமையாக எட்டாது.

கேள்வி (அதே அன்பர்): அப்படியானால் 316 வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: குறையும், தீராது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குழி அரிப்பை 304-ஐவிட நன்றாகத் தாங்கும். குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஒப்பிட ஒரு கணக்கு உண்டு, எண் கூடினால் திறனும் கூடும்: குரோமியத்தின் சதவீதத்தோடு, மாலிப்டினத்தின் சதவீதத்தை 3.3 ஆலும் நைட்ரஜனின் சதவீதத்தை 16 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 304-க்கு ஏறக்குறைய 19, 316-க்கு 24, டூப்ளெக்ஸ் என்ற உயர்ந்த எஸ்.எஸ். வகையைச் சேர்ந்த 2205-க்கு 35 வரும். கடல்நீரிலேயே மூழ்கியிருக்கும் பாகத்துக்கு 40-ஐத் தாண்ட வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. சூப்பர் டூப்ளெக்ஸ் போன்ற வகைகள்தாம் அந்த அளவை எட்டுகின்றன. விலை கருதி, ஷாஃப்டுக்கு 2205 கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்): காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்கிறார்களே?

பதில்: இந்தச் சோதனையை நம்பாதீர்கள். 304, 316, மலிவான 202 ஆகிய மூன்றிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. உயர்ந்த வகையான டூப்ளெக்ஸில் நன்றாகவே ஒட்டும். மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், அல்லது உருக்காலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம்.

கேள்வி (புதுச்சேரி, கடற்கரை அருகே வீடு): மாடிக் கைப்பிடியில் பழுப்புக் கறை படிகிறது. ஆசிட் ஊற்றித் துடைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தரை ஓடு கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதிலிருப்பதும் குளோரைடுதான். ஓடு கழுவும்போது தெறிக்கும் துளிகளே கைப்பிடியைக் கெடுக்கப் போதும். பிளீச்சிங் பவுடருக்கும் இது பொருந்தும். உப்புக் காற்றால் வரும் பழுப்புக் கறை பெரும்பாலும் மேலோட்டமானது. சோப்பு நீரும் மென்மையான நைலான் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். இரும்பு நாரைப் பயன்படுத்தினால் அதன் துகள்கள் ஒட்டித் துருவேறும். மழை படாத, கூரைக்கு அடியிலுள்ள பகுதியில் உப்பு கழுவப்படாமல் சேர்வதால் அங்கே அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். புதிதாக வாங்கும்போது சொரசொரப்பாகத் தேய்த்த முடிவைத் தவிர்த்து, வழுவழுப்பான 316 குழாயைக் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி மேட்டுப்பாளையம், பட்டறை): 316-இல் வெல்டிங் செய்த இடம் மட்டும் முதலில் துருப்பிடிப்பது ஏன்?

பதில்: வெல்டிங் ஓரத்தில் தெரியும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கிறது. அந்த நிறத்தைப் பிக்லிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை கொண்டு முழுமையாக நீக்கி, நன்றாகக் கழுவ வேண்டும். பேஸ்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருப்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தடிமனான பாகங்களில், 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும் சிக்கலும் உண்டு. அதற்குக் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத 316எல் வாங்குங்கள். இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தை எஸ்.எஸ். மேல் வைக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிச் சக்கரம் இருக்கட்டும்.

கேள்வி (புதுச்சேரி, தேங்காய்த்திட்டு): அலுமினியத் தகட்டில் எஸ்.எஸ். போல்ட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் உப்பு நீரில் அரிப்பது போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியமாகத்தான் இருக்கும். நைலான் வாசரும் உறையும் போட்டு இரண்டையும் பிரித்து வையுங்கள். பெரிய எஸ்.எஸ். தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட் அடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அரிப்பு முழுவதும் அந்தச் சிறிய ரிவெட்டின் மேலேயே குவியும், அது விரைவில் கழன்றுவிடும்.