மூன்று பேர் எண்ணினோம், மூன்று சராசரி வந்தது: எது சரி?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எனக்கு 320 நெட்டைத் தென்னை இருக்கின்றன. வரிசைக்கு 20 மரமாக 16 வரிசை. இந்த வெட்டுக் காயை மரத்தோடு பேசி விட்டுவிடலாம் என்று ஒரு வியாபாரியை வரச் சொன்னேன். அவர் 4 மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரத்துக்கு 11 காய் தேறும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே 4 மரம் எண்ணினேன், சராசரி 19 வந்தது. கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் மகள் வேறு 4 மரம் எண்ணி 14 என்கிறாள். "முப்பது மரம் எண்ணினால் போதும்ப்பா, பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றும் சொல்கிறாள். வியாபாரி ஏமாற்றுகிறாரா? எத்தனை மரம்தான் எண்ண வேண்டும் ஐயா?

பதில்: வியாபாரியைச் சந்தேகப்படும் முன் ஒன்றைப் பாருங்கள். மூன்று பேரும் பொய் சொல்லாமல், கண்ணை மூடி ஆளுக்கு 4 மரம் தேர்ந்தெடுத்திருந்தாலும் 11, 14, 19 என்று வந்திருக்கலாம். மரத்துக்கு மரம் காய் ஏறி இறங்குவதைப் போலவே, 4 மரத்தின் சராசரியும் நான்குக்கு நான்கு ஏறி இறங்கும். 320 மரத்தில் 4 மரத்தை எத்தனை விதமாகப் பொறுக்கலாம் தெரியுமா? 42 கோடியே 87 லட்சத்துக்கும் மேல். அத்தனைக்கும் ஒவ்வொரு சராசரி உண்டு. நீங்கள் மூவரும் அந்தக் குவியலிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்து வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தக் குவியலைத்தான் மகளின் பாடத்தில் 'சராசரியின் கூறெடுப்புப் பரவல்' என்கிறார்கள். பெயர்தான் மிரட்டும்.

கோடிக் கணக்கு வேண்டாம், ஐந்தே மரம் உள்ள தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கள் முறையே 6, 10, 14, 18, 22. உண்மைச் சராசரி 14. இதில் இரண்டிரண்டு மரமாக எண்ணினால் பத்து ஜோடி கிடைக்கும். அவற்றின் சராசரிகளை வரிசைப்படுத்தினால் 8, 10, 12, 12, 14, 14, 16, 16, 18, 20. நோட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், படிப்பதைவிட அது நன்றாகப் பிடிபடும். இந்தப் பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் அதே 14. ஆக, எண்ணும் முறை ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. ஒற்றை மரங்கள் 6 முதல் 22 வரை சிதறிக் கிடந்தன, ஜோடிச் சராசரிகளோ 8 முதல் 20-க்குள் நெருங்கிவிட்டன. பத்தில் ஆறு 12-க்கும் 16-க்கும் இடையில் உட்கார்ந்துவிட்டன. ஆனாலும் 8 சொன்னவரும் 20 சொன்னவரும் எண்ணிக்கையில் தவறவில்லை.

இதை நீங்கள் ஏற்கெனவே செய்து வருகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண் பரிசோதனைக்கு ஒரே குழியில் மண் எடுத்துக் கொடுப்பீர்களா? பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டி, ஒன்றாகக் கலந்து, கால்பங்கிட்டுக் கழித்து, அரை கிலோ அனுப்புகிறோம். அந்தக் கலவை வேறொன்றுமில்லை, கையால் கலந்த சராசரிதான். வரப்போரம், எருக்குழி, மரநிழல் எல்லாம் தவிர்க்கச் சொல்வது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, சராசரி எவ்வளவு ஆடும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மரத்துக்கு மரம் உள்ள ஏற்ற இறக்கத்தை அளப்பது திட்ட விலக்கம். அதை, எண்ணிய மரங்களின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் ஆட்டம் கிடைக்கும். அதற்குத் திட்டப் பிழை என்று பெயர். 'பிழை' என்றதும் யாரோ தப்பு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தோட்டத்தில் திட்ட விலக்கம் 8 காய் என்று வைத்துக்கொள்வோம். 4 மரம் எண்ணினால் திட்டப் பிழை 8-ஐ 2-ஆல் வகுத்து 4 காய். 16 மரத்துக்கு 2 காய். 64 மரத்துக்கு 1 காய். ஆட்டத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். இரட்டிப்பாக எண்ணினால் துல்லியமும் இரட்டிப்பாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, 6 மரத்தை 12 ஆக்கிவிட்டு ஒரு விவசாயிக்கு நம்பிக்கையோடு மகசூல் சொன்னேன். வெட்டு முடிந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தோராயமாக, திட்டப் பிழையின் இருமடங்கு தூரத்துக்குள் உண்மைச் சராசரி இருக்கும், 20 தடவைக்கு 19 தடவை. ஆனால் 4 மரம் மட்டும் எண்ணி, விலக்கத்தையும் அந்த நான்கிலிருந்தே கணக்கிட்டால் இருமடங்கு போதாது, மும்மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக வேண்டும். இதைக் கண்டறிந்தவர் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த காசெட். பார்லியும் ஹாப்ஸும் சோதிக்கும் வேலையில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்ன மாதிரிகள்தான். 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரைக்காக, 3,000 கைதிகளின் உயர அளவுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 கட்டுகளாக்கி, ஒவ்வொன்றின் சராசரியையும் பார்த்தார். நீங்கள் மூவரும் மூன்று கட்டு பார்த்தீர்கள், அவர் 750 பார்த்தார்!

மகள் சொன்ன முப்பதுக்கு வருகிறேன். தென்னந்தோப்பில் காய்கள் ஒழுங்காகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான மரம் ஓரளவு காய்க்கும், சில மரம் அள்ளிக் கொட்டும், சிலதில் ஒன்றுமே இருக்காது. இப்படிக் கோணலான தோட்டத்திலும், மரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் சராசரிகளின் குவியல் மணி வடிவத்துக்கு வந்துவிடும் என்பதுதான் மைய எல்லைத் தேற்றம். அந்த வடிவம் ஓரளவு வந்துவிடும் என்பதற்கான கைக்கணக்கு தான் முப்பது. உங்கள் பணத்துக்கு அது உத்தரவாதமில்லை. 30 மரத்தில் திட்டப் பிழை சுமார் ஒன்றரைக் காய். இருமடங்கு என்றால் மரத்துக்கு 3 காய் கூடலாம், குறையலாம். 320 மரத்துக்கு அது 900 காய்க்கு மேல். அந்த 900 உங்களுக்குப் பெரிதா சிறிதா என்பதைக் காய் விலையை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் எந்த 4 மரத்தை எண்ணினீர்கள்? வாய்க்கால் ஓரம் என்று ஊகிக்கிறேன், தண்ணீர் பார்க்கும்போது கண்ணில் படுவது அவைதான். வியாபாரி மேட்டுப் பக்கத்து மரங்களைப் பார்த்திருப்பார். அப்படியானால் மேலே சொன்ன கணக்கெல்லாம் உதவாது. வாய்க்கால் ஓரத்தில் 4-க்குப் பதில் 40 மரம் எண்ணினால், வாய்க்கால் ஓரத்தின் சராசரி மிகத் துல்லியமாகக் கிடைக்கும், தோட்டத்தின் சராசரி கிடைக்காது. மண் மாதிரியில் எருக்குழியைத் தவிர்ப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே மரத்தைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டு தேர்ந்தெடுக்கட்டும். உத்திரமேரூரில் சோழர் காலத்தில் குடத்திலிருந்து ஓலை எடுத்து வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்களே, அதே வழி. மரங்களுக்கு வரிசையாக 1 முதல் 320 வரை சுண்ணாம்பில் எண் போடுங்கள். ஒரு சொம்பில் 1 முதல் 19 வரை சீட்டு எழுதிப் போட்டு, ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 26, 45 என்று 19 மரத்துக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே போங்கள். 16 அல்லது 17 மரம் வரும். ஏன் 20 இல்லை என்றால், உங்கள் வரிசையில் 20 மரம். இருபதுக்கு ஒன்று என்று போனால் எல்லா வரிசையிலும் ஏழாவது மரமே மாட்டும், அது வாய்க்கால் பக்கமாக இருந்தால் கதை கெட்டது.

இதையே வேறு வேறு சீட்டெடுத்து நான்கு தடவை செய்யுங்கள். மொத்தம் 65 மரத்துக்குப் பக்கமாக வரும், மரத்துக்கு 2 காய் முன்பின்னாக விடை கிடைக்கும். தோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை எண்ணிவிடுவதால் ஆட்டம் இன்னும் கொஞ்சம் குறையவே செய்யும். நான்கு தடவையின் சராசரியைத் தனித்தனியாக எழுதினால், அவை எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று மகளே பார்த்துக்கொள்வாள். திட்ட விலக்கம் 8 என்று நான் வைத்தது ஊகம்தான். ஒரு சுற்றில் அதிகக் காயிலிருந்து குறைந்த காயைக் கழித்து மூன்றரையால் வகுத்தால் கைக்கணக்காக உங்கள் தோட்டத்து விலக்கம் கிடைக்கும். 30-உம் 2-உம் என்றால் 28, அதை மூன்றரையால் வகுத்தால் 8.

எண்ணத் தொடங்கும் முன் எதை முற்றிய காய் என்பது, எந்தக் குலை வரை கணக்கு என்பதை வியாபாரியோடு பேசி முடித்துவிடுங்கள். முடிந்தால் அவரையும் கூடவே நடக்கச் சொல்லுங்கள், சீட்டை அவர் கையாலேயே எடுக்கட்டும். அப்புறம் ஒன்று: சீட்டில் வந்த மரத்தில் காயே இல்லையென்றால் பக்கத்து மரத்துக்குத் தாவாதீர்கள். விலை பேசப் போகும் 320-இல் அதுவும் ஒன்று, அதனால் சைபர் என்றே எழுதுங்கள்.